வட்டார வழக்கு

ஹமாம் தெருவில் நாலாம் மாடி.
பதக்வாலா மஹிம்கர் அண்ட் கம்பெனி.
லிஃப்டை விட்டு இறங்கியதும் நீளச் சுவர்,
சுவர் முழுக்கப் பத்திரிகைத் துணுக்குகள்:
கூட்டுறவு வங்கித் தலைவரின் லாக்கர்,
மகாலக்ஷ்மி பந்தயக் குதிரைக்கு ஏறிய ஊசி,
அமைச்சர் மருமகனின் கிழிந்த டைரி.
வென்றவை மட்டும்.
தோற்றதற்கு எங்கள் ஆபீசில்
சட்டம் போடுவதில்லை.

சேர்ந்த வருஷம் பக்கங்களுக்கு எண் போட்டேன்,
பென்சிலால், வலது மேல் மூலையில்.
நீல்சாகர் வழக்கில் மட்டும் பதினோராயிரத்துச் சொச்சம்.
எண் போடுகிறவள் வாசிக்கக் கூடாது,
வாசித்தால் எண் தப்பும்.

ஆறாயிரத்து இருநூற்று எட்டு
தமிழில் இருந்தது.

பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்த நாற்பது பக்க நோட்டு.
வாட்ச்மேன் தங்கப்பழம், பி விங், ஆன்டாப் ஹில்.
இருபது வருஷம் பம்பாயில் இருந்தும்
எழுத்து மட்டும் நாசரேத்தை விட்டு வரவில்லை.

"ராத்திரி ரெண்டு பத்து. தண்ணி மோட்டர் நிறுத்தியாச்சு.
மூணாம் தூணு முனங்குது.
செக்கரட்டரிட்ட சொன்னேன். சிரிக்காவ."

மறுநாள்: "இன்னைக்கும் முனங்குது."
அதற்கு மறுநாள் மோட்டரைப் பற்றி மட்டும்.
பிறகு வெற்றுப் பக்கங்கள்.
அவற்றுக்கும் எண் போட்டேன்.

பெரிய மஹிம்கர் அன்றுதான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.
டீ வரவழைத்தார், சர்க்கரை எத்தனை என்று கேட்டார்.
"தூண் எப்படி முனகும், மிஸ் இன்பகனி?
நோயாளி முனகுவான். இது சிமெண்ட்.
அகராதி என்ன சொல்கிறது?"

எனக்கு அகராதி வேண்டாம்.
டைஃபாய்டில் தம்பி கிடந்த பதினெட்டு ராத்திரி
எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல்தான்.
இருந்தாலும் எடுத்துப் பார்த்தேன்.
அகராதி மூன்று சொல் தந்தது,
மூன்றிலும் வலி இருந்தது.
நாலாவதை நானாகக் கொடுத்தேன்: நாய்ஸ்.
அவர் கேட்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.
டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

உண்மையான, சரியான மொழிபெயர்ப்பு.
கீழே என் கையெழுத்து, என் பார் கவுன்சில் எண்.

செஷன்ஸ் கோர்ட். அரசுத் தரப்பு எஞ்சினியர்.
என்ன சத்தம்?
தெரியாது.
பக்கத்து மனையில் பைலிங் வேலை நடந்ததா?
நடந்தது.
அதில் சத்தம் வருமா?
வரும்.
நன்றி, வேறு கேள்வி இல்லை.
நாலு நிமிஷம்.
மின்விசிறிக்குப் பறந்த ஒரு தாளை
சீனியர் முழங்கையால் அமுக்கிக்கொண்டே கேட்டார்.

முனங்குது என்பது வட்டார வழக்கு.
எங்களுடையது வேறு வழக்கு.
விளக்கம் கேட்க அவரைக் கூண்டில் ஏற்ற முடியாது,
பதினேழு பேரில் தங்கப்பழமும் ஒருவர்.

விடுதலையான அன்று தாழ்வாரத்தில்
யூனிஃபார்ம் போட்ட பையனைப் பிடித்தபடி ஒருத்தி வந்தாள்.
நான் யார் பக்கம் என்று பார்க்கவில்லை,
யாரோ தமிழ் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அப்பா நோட்ட நீங்கதான் வாசிச்சியளாமே.
கோழி கிண்டுன மாதிரில்லா எழுதுவாவ.
வெளங்கிச்சா?"

"நல்லா வெளங்கிச்சு" என்றேன்.
அப்பாடா என்று அவள் மூச்சு விட்டாள்.
அந்த மூச்சை எந்தப் பக்கத்தில் கோப்பது?

புதுத் துணுக்கு சுவரில் ஏறியது,
குதிரைக்கும் டைரிக்கும் நடுவே.
எனக்கு ஜன்னலோர மேஜை கிடைத்தது.
பென்சிலை வேறொரு பெண்ணிடம் கொடுத்தார்கள்.

அன்று ஹார்பர் ரயிலில் உட்கார இடம் இருந்தது.
குரு தேக் பகதூர் நகர் தாண்டும்வரை
நின்றுகொண்டிருந்தேன்.
பிறகு உட்கார்ந்துவிட்டேன்.